மறுக்கும் உரிமையும் மறைந்திருக்கும் ஆதாயமும்

எனக்குத் தரப்பட்ட பொருள் பெரிது, நேரம் சிறிது. ஆகவே பலவற்றைத் தொட்டுச் செல்வதை விட்டு, ஒரே கருத்தை நிறுவ முயல்கிறேன். மத்திய இந்தியாவின் ஆதிவாசிகள்மீது அரசு ஏவும் வன்முறைக்குப் பின்னால் நிறுவனங்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் ஆதாயம் இருக்கிறது என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவருகிறது. சொல்பவர்கள் சான்று காட்டுவதில்லை என்பதே எதிர்த்தரப்பின் பதில். இரு தரப்பும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உண்டு: அந்த ஆதாயம் ஏன் மறைந்தே இருக்கவேண்டியிருக்கிறது? நாட்டுக்கு இரும்பு வேண்டும், அதற்காக நிலம் எடுக்கிறோம் என்று அரசு வெளிப்படையாகச் சொல்லிவிடலாமே. சொல்ல முடியாததற்குக் காரணம், சட்டம் ஆதிவாசியின் பக்கம் நிற்கிறது என்பதுதான். அவரைக் கேட்டாக வேண்டும். கேட்டால் அவர் மறுக்கக்கூடும். இந்தத் தடையைச் சட்டப்படி தாண்ட முடியாதபோது மறைப்பும் வன்முறையும் சேர்ந்தே வருகின்றன என்பது என் வாதம்.

2005-ஆம் ஆண்டின் இரண்டு மாதங்களை முதலில் பார்ப்போம். அந்த ஜூன் மாதத்தில் சத்தீஸ்கர் அரசு, பஸ்தார் மாவட்டத்தின் லோஹண்டிகுடாவில் உருக்காலை அமைக்க டாடா ஸ்டீலுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. ஜூலையில் தந்தேவாடா மாவட்டத்தில் இன்னோர் ஆலைக்காக எஸ்ஸாருடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஜூனில்தான், அன்று தந்தேவாடாவுக்குள் அடங்கியிருந்த பிஜாப்பூர் பகுதியில் சல்வா ஜூடும் என்ற இயக்கம் தொடங்கியது. மாவோயிஸ்டுகளுக்கு எதிராக மக்கள் தாமாகவே எழுந்தார்கள் என்றது அரசு. மாநிலத்தை ஆண்டது பாரதிய ஜனதா கட்சி. இயக்கத்தின் முகமாக நின்றவரோ எதிர்க்கட்சித் தலைவராக இருந்த காங்கிரஸின் மகேந்திர கர்மா. அறுநூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ 50,000 பேர் சாலையோர முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள்; பல்லாயிரம் பேர் எல்லை தாண்டி அன்றைய ஆந்திரத்தின் கம்மம் காடுகளுக்குள் தஞ்சம் புகுந்தார்கள். ஆதிவாசி இளைஞர்களுக்கு மாதம் 1,500 ரூபாயும் பின்னர் 3,000 ரூபாயும் மதிப்பூதியமாகக் கொடுத்து, சிறப்புக் காவல் அலுவலர் என்று பெயரிட்டு, சொந்த ஊராருக்கு எதிராகவே ஆயுதம் ஏந்தவைத்தார்கள். சமூகவியலாளர் நந்தினி சுந்தர், வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா, மத்திய அரசின் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற ஈ.ஏ.எஸ். சர்மா ஆகிய மூவரும் 2007-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்கள். 2011 ஜூலை 5 அன்று நீதிபதிகள் பி. சுதர்சன் ரெட்டியும் எஸ்.எஸ். நிஜ்ஜாரும் இந்த ஏற்பாடு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, கொடுத்த ஆயுதங்களைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். இயற்கை வளத்தை வரைமுறையின்றிச் சுரண்டும் பொருளாதாரப் பாதைக்கும் அங்குள்ள வன்முறைக்கும் தொடர்பு உண்டு என்பதையும் அந்தத் தீர்ப்பு எடுத்துரைத்தது.

ஒரே காலத்தில் நடந்ததாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. இதில் நாம் கறாராக இருக்கவேண்டும். 1990-களின் தொடக்கத்திலேயே கர்மா மாவோயிஸ்டுகளுக்கு எதிரான ஓர் இயக்கத்தை நடத்திப் பார்த்திருக்கிறார். அப்போது இந்த ஆலை ஒப்பந்தங்கள் இல்லை. 2009-இல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் அமைத்த குழு ஒன்றின் வரைவு அறிக்கை, சல்வா ஜூடுமுக்குத் தொடக்கத்தில் பணம் கொடுத்தவர்கள் என்று டாடாவையும் எஸ்ஸாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. நிறுவனங்கள் அதை மறுத்தன. அறிக்கையின் பிந்தைய வடிவில் அந்தப் பகுதி இல்லை. எந்த நீதிமன்றமும் அந்தக் குற்றச்சாட்டை விசாரித்து முடிவு சொல்லவில்லை. எனவே நீக்கப்பட்ட ஒரு பத்தியின்மேல் என் வாதத்தை நான் கட்டப்போவதில்லை. அந்தப் பத்தி உண்மையாகவே இருந்தாலும், யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைத்தான் அது சொல்லும். கொடுக்கவேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. அந்தத் தேவையைத் தேடினால் நாம் வந்து நிற்பது சட்டப் புத்தகத்தின் முன்னால்.

அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை, பழங்குடிப் பகுதிகளின் நிலம் கைமாறுவதைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் ஆளுநருக்கு அதிகாரம் அளிக்கிறது. 1996-இல் வந்த பெசா சட்டம் (அட்டவணைப் பகுதிகளுக்கு ஊராட்சி முறையை விரிவாக்கும் சட்டம்), அப்பகுதிகளில் நிலம் கையகப்படுத்தும் முன் கிராம சபையையோ உரிய மட்டத்திலுள்ள ஊராட்சியையோ கலந்தாலோசிக்க வேண்டும் என்றது. 1997-இல் ஆந்திர வழக்கான சமதாவில், அட்டவணைப் பகுதியின் அரசு நிலத்தைத் தனியார் நிறுவனத்துக்குச் சுரங்கக் குத்தகையாக விடுவதும் ஆதிவாசி அல்லாதவருக்கு நிலம் போவதுதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2006-இன் வன உரிமைச் சட்டம் தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்பவரின் உரிமையை ஏற்றது. 2009-இல் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் சுற்றறிக்கை, வன நிலத்தை வேறு பயனுக்கு மாற்றக் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்றது. 2013-இன் நிலம் கையகப்படுத்தும் சட்டமும் அட்டவணைப் பகுதிகளுக்கு முன்சம்மதத்தைக் கட்டாயமாக்கியது. ஆக, பத்தாண்டு இருபதாண்டுக்குள் இந்த நாடு தன் ஏழைக் குடிமக்களில் ஒரு பகுதியினருக்கு வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தை ஏட்டில் எழுதிக் கொடுத்துவிட்டது. பிரிட்டிஷ் காலத்து 1894 சட்டத்தின்கீழ் அரசுக்கு ஒளிக்கவேண்டிய அவசியம் இல்லை. பொதுநோக்கு என்று ஓர் அறிவிக்கை ஒட்டினால் முடிந்தது. உரிமைகள் ஏட்டில் ஏற ஏறத்தான் அவற்றைச் சுற்றிப்போகும் வழிகள் தேவைப்பட்டன. பாதுகாப்புச் சட்டங்கள் வந்த அதே காலத்தில் வன்முறை கூடியது முரண்பாடுபோலத் தோன்றும். இந்தக் கோணத்தில் பார்த்தால் அதில் முரண் ஏதும் இல்லை.

உண்மையாகவே கேட்டால் என்ன பதில் வரும் என்பதற்கு நம்மிடம் ஒரு சான்று இருக்கிறது. ஒடிசாவின் ராயகடா, காலாஹாண்டி மாவட்டங்களில் பரந்திருக்கும் நியம்கிரி மலையின் உச்சியில் பாக்சைட் இருக்கிறது. லாஞ்சிகரில் வேதாந்தா நிறுவனம் சுத்திகரிப்பு ஆலையை முதலில் கட்டிவிட்டு, அரசின் ஒடிசா சுரங்கக் கழகம் மலையைத் தோண்டித் தரும் என்று காத்திருந்தது. 2010-இல் என்.சி. சக்சேனா குழு, வன உரிமைச் சட்டம் மீறப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டியது. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வன அனுமதியை மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2013 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பு, மலையின்மீது மக்களுக்குள்ள சமய, பண்பாட்டு உரிமைகள் பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. கூட்டத்தில் மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள ஒருவர் பார்வையாளராக இருக்கவேண்டும் என்றும் சொன்னது. எந்த ஊர்களில் கூட்டம் நடத்துவது என்பதைத் தேர்ந்தெடுத்தது மாநில அரசு. மலையைச் சுற்றியுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் 12 ஊர்களை மட்டும் அது எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அந்த 12 ஊர்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கம் வேண்டாம் என்றன. ஒன்றுகூட மாறி நிற்கவில்லை. அச்சமின்றியும் பொய்க் கையெழுத்தின்றியும் கேட்டபோது வந்த பதில் இது. பிற இடங்களில் ஏன் இப்படிக் கேட்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

கேட்காமல் இருப்பதற்கும் கேட்டதுபோல் காட்டுவதற்கும் பல வழிகள் உண்டு. லோஹண்டிகுடாவில் 2006-இல் கிராம சபைகள் கூடியபோது 144 தடையுத்தரவு நடப்பில் இருந்தது. நான்கு பேர் சேர்ந்து நிற்பதே குற்றம் என்ற உத்தரவின் நிழலில் ஊரே கூடிச் சம்மதம் தந்ததாகக் கோப்பில் எழுதப்பட்டது. தந்தேவாடாவின் பைலாடிலா மலையிலுள்ள 13-ஆம் எண் இரும்புத்தாதுப் படிவத்தை, தேசிய கனிம வளர்ச்சிக் கழகமும் மாநிலக் கழகமும் சேர்ந்து அமைத்த கூட்டு நிறுவனத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். தோண்டி எடுக்கும் ஒப்பந்தம் அதானி குழுமத்துக்குப் போனது. 2014-இல் ஹிரோலி கிராம சபை ஒப்புதல் அளித்ததாக ஆவணம் சொன்னது. அப்படியொரு கூட்டமே நடக்கவில்லை என்று ஊரார் சொன்னார்கள். 2019 ஜூனில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் கிரந்துலில் கனிமக் கழக அலுவலகத்தின் முன் நாட்கணக்கில் அமர்ந்த பிறகுதான் மாநில அரசு பணிகளை நிறுத்தி, அந்தக் கிராம சபைபற்றி விசாரிக்க உத்தரவிட்டது. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் சல்வா ஜூடுமின் விளைவு இன்னும் தெளிவாகிறது. ஊர் முழுவதும் முகாமுக்குப் போய்விட்டால், அல்லது எல்லை தாண்டி ஓடிவிட்டால், கிராம சபை எங்கே கூடும்? மக்கள் இல்லாத ஊரில் மறுப்பும் இல்லை. இந்த விளைவை யாராவது திட்டமிட்டார்களா என்பது தனிக் கேள்வி. விளைவு இதுதான் என்பதில் ஐயமில்லை.

இனி ஆதாயத்தின் கணக்குக்கு வருவோம். ஒடிசாவின் கலிங்கநகரில் 1990-களில் அரசின் தொழில் உள்கட்டமைப்புக் கழகம் ஆதிவாசிகளின் நிலத்தை ஏக்கருக்குச் சுமார் 37,000 ரூபாய்க்கு எடுத்தது. பின்னர் டாடா ஸ்டீலுக்கு அதே நிலம் ஏக்கர் மூன்று லட்சத்துக்கும் மேலான விலையில் போனது. இழப்பீடு போதவில்லை என்று போராடியவர்கள்மீது 2006 ஜனவரி 2 அன்று, ஆலைக்குச் சுற்றுச்சுவர் எழுப்பும் இடத்தில், காவல்துறை சுட்டது. 13 ஆதிவாசிகள் உயிரிழந்தார்கள். காவலர் ஒருவரும் கொல்லப்பட்டார். இங்கே அரசை நடுவர் என்று சொல்வதற்கில்லை. வாங்கி விற்ற தரப்பு அது. ஒடிசாவின் இரும்பு, மாங்கனீசுச் சுரங்கங்களை ஆராய்ந்த நீதிபதி எம்.பி. ஷா ஆணையம், சட்டவிரோதமாக எடுக்கப்பட்ட தாதுவின் மதிப்பைச் சுமார் 59,000 கோடி ரூபாய் என்று கணித்தது. இவ்வளவு பெரிய மதிப்பு, ஆட்சியில் இருப்பவர்களின் கண்ணில் படாமல் மலையிலிருந்து இறங்கித் துறைமுகத்துக்குப் போக முடியாது.

அந்தப் பணம் அரசியலுக்குள் நுழையும் வழி இரகசியமானதுகூட அல்ல. சட்டத்தைத் திருத்தியே அது காப்பாற்றப்பட்டது. சல்வா ஜூடும் வழக்கின் மனுதாரர்களில் ஒருவரான ஈ.ஏ.எஸ். சர்மா, ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்துடன் சேர்ந்து தில்லி உயர் நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கும் தொடுத்தார். வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த ஸ்டெர்லைட், சேசா கோவா உள்ளிட்ட நிறுவனங்களிடமிருந்து காங்கிரஸும் பாரதிய ஜனதாவும் நன்கொடை வாங்கியது, வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தை மீறிய செயல் என்று 2014 மார்ச்சில் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு கட்சிகள்மீதும் நடவடிக்கை எடுக்கும்படி அரசுக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் சொன்னது. நடந்தது வேறு. 2016-இன் நிதிச் சட்டம், வெளிநாட்டு மூலம் என்பதன் வரையறையை 2010-இலிருந்து முன்தேதியிட்டு மாற்றியது. அது போதாது என்று 2018-இன் நிதிச் சட்டம் அந்தத் தேதியை 1976 வரை பின்னுக்குத் தள்ளியது. நாற்பதாண்டு முன்தேதியிட்ட அந்தத் திருத்தம் விவாதமின்றியே மக்களவையில் நிறைவேறியது. கொடுப்பவர் பெயர் வெளியாகாமல் கட்சிகளுக்குப் பணம் தர வழிசெய்த தேர்தல் பத்திரமும் இதே காலத்தில்தான் வந்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து விவரங்களை வெளியிடச் சொன்னபோது, ஏறத்தாழ 400 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிய வேதாந்தா, அதிகம் வாங்கியவர்களின் பட்டியலில் முதல் சில இடங்களுக்குள் இருந்தது. மத்தியில் ஆண்ட பாரதிய ஜனதா, எதிர்க்கட்சியான காங்கிரஸ், ஒடிசாவை ஆண்ட பிஜு ஜனதா தளம் ஆகிய மூன்றும் அதில் பங்கு பெற்றன. நன்கொடைக்குக் கைம்மாறாக இன்ன உத்தரவு பிறந்தது என்று நான் சொல்லவில்லை. பழங்குடி நிலத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கும் கட்சிகள், அந்த நிலத்தை வேண்டுபவர்களிடம் வாங்கும் பணத்தைக் குடிமக்களிடமிருந்து மறைத்த சட்டத்தால் பயனடைந்தன என்று மட்டுமே சொல்கிறேன். நம் மாநிலத்துக்காரரான ப. சிதம்பரம் 2004-இல் நிதியமைச்சர் ஆகும்வரை வேதாந்தா ரிசோர்சஸின் இயக்குநர் குழுவில் இருந்தார். அமைச்சரானதும் அப்பதவியிலிருந்து விலகினார். அது முறையான செயல். 2008 இறுதியில் உள்துறைக்கு வந்த அவருடைய காலத்தில்தான் மத்திய இந்தியாவில் துணை ராணுவப் படைகள் பெருமளவில் குவிக்கப்பட்டன. இதைச் சதிக்குச் சான்றாக நான் வைக்கவில்லை. இயக்குநர் குழுவின் மேசைக்கும் அமைச்சரவையின் மேசைக்கும் இடையிலான தூரம், அமைச்சரவையின் மேசைக்கும் நியம்கிரிக்கும் இடையிலான தூரத்தைவிட மிகக் குறைவு என்பதற்கே சான்றாக வைக்கிறேன்.

ஆதாயம் என்றதும் பெருநிறுவனம் மட்டுமே நினைவுக்கு வருவது நம் பார்வையின் குறை. பஸ்தாரில் சுரங்க ஒப்பந்தங்களுக்கு முன்பே மாலிக் மக்பூஜா மர ஊழல் நடந்தது. ஆதிவாசிகளின் பட்டா நிலத்தில் நின்ற தேக்கையும் பிற மரங்களையும் சொற்ப விலைக்கு வாங்கி வெட்டிக் கடத்தியதில் வணிகர், அதிகாரி, அரசியல்வாதி என மூன்று தரப்பும் சம்பந்தப்பட்டிருந்தன. 1990-களின் பிற்பகுதியில் அது மத்திய புலனாய்வுத் துறையின் விசாரணைக்குப் போனது. அதே பத்தாண்டின் தொடக்கத்தில் நம் தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தியில் நடந்தது அனைவரும் அறிந்ததே. 1992 ஜூன் 20 அன்று சந்தனமரக் கடத்தலைத் தடுப்பதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் மலையாளிப் பழங்குடியினரின் அந்த ஊருக்குள் புகுந்தார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட 269 அலுவலர்களில் உயிரோடிருந்த 215 பேரும் 2011-இல் தண்டிக்கப்பட்டார்கள். 2023 செப்டம்பரில் அந்தத் தண்டனையை உறுதிசெய்த சென்னை உயர் நீதிமன்றம், உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றுவதற்காகவே அப்பாவிப் பழங்குடியினர் இவ்வாறு வதைக்கப்பட்டார்கள் என்று கருதியது. அரச வன்முறைக்குப் பின்னால் மறைந்திருந்த ஆதாயத்தை ஒரு நீதிமன்றம் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது அரிது. சொல்வதற்கு 31 ஆண்டுகள் ஆயின என்பதையும், 2011 தீர்ப்புக்கு முன்பே குற்றம் சாட்டப்பட்டோரில் 54 பேர் இறந்துவிட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பெரும்புள்ளிகள் யார் என்பது அப்போதும் வெளிவரவில்லை.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் உண்டு. முதலாவது, அங்கே நடப்பது மாவோயிஸ்டுகளுக்கு எதிரான போர், ஆதிவாசிகளுக்கு எதிரானதல்ல என்பது. மாவோயிஸ்டுகளின் வன்முறையை மழுப்ப நான் விரும்பவில்லை. 2010 ஏப்ரலில் தந்தேவாடாவில் 76 பாதுகாப்புப் படையினரை அவர்கள் கொன்றார்கள். 2013 மே மாதம் ஜீரம் பள்ளத்தாக்கில் காங்கிரஸ் தலைவர்களின் வாகன வரிசையைத் தாக்கிக் கர்மா உள்ளிட்டோரைக் கொன்றார்கள். காட்டிக்கொடுத்தார் என்று சொல்லி அவர்கள் கொன்ற ஆதிவாசிகளும் பலர். ஆனால் அரசின் வன்முறைக்கு மாவோயிசம் மட்டுமே காரணம் என்றால் மூன்று செய்திகள் உண்மையாக இருக்கவேண்டும். ஆயுதப் போராட்டம் இல்லாத இடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்திருக்கக் கூடாது. ஆனால் கலிங்கநகரிலும், அலுமினா ஆலையை எதிர்த்த, ஒடிசாவின் காஷிப்பூர் வட்டாரத்து மைகஞ்சில் 2000 டிசம்பரில் மூவர் கொல்லப்பட்டபோதும், எதிரே நின்றவர்கள் ஆயுதக் குழுவினர் அல்லர். நிலத்துக்காகப் போராடிய ஊரார். கொல்லப்பட்டவர்கள் மாவோயிஸ்டுகளாக இருந்திருக்கவேண்டும். ஆனால் சத்தீஸ்கரில் 2012-இல் சர்கேகுடாவில் சிறார் உள்ளிட்ட 17 பேரும், 2013-இல் எடெஸ்மெட்டாவில் எட்டுப் பேரும் கொல்லப்பட்டதை விசாரித்த நீதிபதி வி.கே. அகர்வால் ஆணையம், அவர்கள் மாவோயிஸ்டுகள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. மூன்றாவதாக, ஆயுதத்தை விட்டு அமைதி வழியில் போராடுபவர்களை அரசு வரவேற்றிருக்கவேண்டும். ஆனால் வாக்களித்து மலையைக் காத்த நியம்கிரி பாதுகாப்புக் குழுவை மாவோயிஸ்டுகளோடு சேர்த்து உள்துறை அமைச்சகத்தின் ஆண்டறிக்கை எழுதியது. 2021-இல் சில்கேரில் பாதுகாப்புப் படை முகாமுக்கு எதிராக அமர்ந்து போராடிய மூல்வாசி பச்சாவ் மஞ்ச் அமைப்பை 2024-இல் சத்தீஸ்கர் அரசு தடை செய்தது. முகாம்களையும் வளர்ச்சிப் பணிகளையும் எதிர்ப்பதையே அதற்குக் காரணமாகக் காட்டியது. சட்டம் தந்த மறுக்கும் உரிமையைப் பயன்படுத்துவதே தடைக்குக் காரணமாகுமானால், ஒடுக்கப்படுவது எது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு வளர்ச்சி. இரும்பும் அலுமினியமும் இல்லாமல் நவீன வாழ்வு இல்லை. தாது இருக்கும் இடத்தில்தான் தோண்ட முடியும். பலருடைய நலனுக்காகச் சிலர் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்பார்கள். இதில் பாதி உண்மை. விட்டுக்கொடுப்பவர் யார் என்று பார்த்தால் மீதிப் பாதி தெரியும். திட்டக் குழு 2008-இல் வெளியிட்ட வல்லுநர் குழு அறிக்கை, மக்கள்தொகையில் எட்டு விழுக்காடு அளவே உள்ள பழங்குடியினர் திட்டங்களால் இடம்பெயர்ந்தவர்களில் சுமார் 40 விழுக்காடாக இருப்பதைச் சுட்டியது. பெற்றுக்கொண்டது என்ன என்றும் பார்க்கலாம். பைலாடிலாவில் பொதுத்துறை நிறுவனம் 1968 முதல் தாது எடுக்கிறது; ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்வதற்காகவே அங்கிருந்து விசாகப்பட்டினம் வரை ரயில்பாதை போடப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2018-இல், நாட்டிலேயே பின்தங்கிய மாவட்டங்களுக்காக மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று ஒரு பட்டியல் தயாரித்தபோது தந்தேவாடா அதில் இருந்தது; நிலக்கரிக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் பெயர்போன கோர்பாவும் இருந்தது. 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் வந்திருப்பது நல்ல மாற்றமே. என்றாலும் அவற்றை ஏற்படுத்திய சட்டமே, அதற்கு முந்தைய காலத்தில் சுரங்கப் பகுதி மக்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறது. சுரங்கமே கூடாது என்பது என் நிலைப்பாடு அன்று. பொதுநலன் என்ற வாதம் வலுவானதானால் அதை வைக்கவேண்டிய அவை கிராம சபை. அங்கே வைத்து வெல்லட்டும்.

மூன்றாவது மறுப்பே மிகக் கூர்மையானது. நிறுவனங்களுக்கு இவ்வளவு செல்வாக்கு இருந்தால் டாடா ஏன் லோஹண்டிகுடாவை விட்டுப் போனது? வேதாந்தா ஏன் நியம்கிரியில் தோற்றது? ஆதாயம்தான் அரசை இயக்குகிறது என்பது சதிக் கதைதானே? நான் சொல்வது சதி அல்ல என்பதை இந்த நிகழ்வுகளே காட்டுகின்றன. நியம்கிரியில் நிறுவனம் தோற்றது, ஒரே ஒருமுறை சட்டம் சொன்னபடி கேட்டதால். லோஹண்டிகுடாவில் 2016-இல் டாடா விலகிய பிறகு நடந்ததைக் கவனிக்கவேண்டும். பத்து ஊர்களின் 1,764 ஹெக்டேர் நிலத்தை உரியவர்களிடம் திருப்பித் தராமல் மாநில அரசு நில வங்கியில் வைத்துக்கொள்ள முனைந்தது. ஆட்சி மாறிய பிறகுதான் 2019-இல் அது விவசாயிகளுக்குத் திரும்பியது. அதாவது குறிப்பிட்ட ஒரு நிறுவனம் போனாலும் நிலத்தை ஆயத்தமாக வைத்திருக்கும் பழக்கம் போகவில்லை. திருப்பித் தந்ததும் தேர்தல் முடிவு செய்த காரியம். யாரும் யாருக்கும் தொலைபேசியில் உத்தரவிடத் தேவையில்லாத ஏற்பாடு இது. முதலீட்டை ஈர்ப்பது முதலமைச்சரின் பெருமை. நிலத்தை ஒப்படைப்பது ஆட்சியரின் கடமை. எதிர்ப்பை அடக்குவது காவல் கண்காணிப்பாளரின் பணி. தேர்தலுக்குப் பணம் திரட்டுவது கட்சியின் தேவை. ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செய்தாலே முடிவு ஒன்றாக அமைந்துவிடுகிறது. சதியாக இருந்தால் சதிகாரரைப் பிடித்து முடித்துவிடலாம். இந்த ஏற்பாட்டை மாற்றச் சட்டத்தைச் செயல்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

நான் சொல்வது சரியா தவறா என்பதைச் சோதிக்க இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2026 மார்ச் 31-க்குள் மாவோயிசத்தை ஒழித்துவிடுவோம் என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா நாள் குறித்தார். 2025 மே மாதம் மாவோயிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் கொல்லப்பட்டார்; அந்த ஆண்டிலேயே நூற்றுக்கணக்கானோர் சரணடைந்தார்கள். போருக்குக் காரணம் மாவோயிசம் மட்டுமே என்றால், அது ஓய்ந்ததும் படை முகாம்கள் குறையவேண்டும், கிராம சபைகள் வலுப்பெறவேண்டும், அமைதி வழியில் போராடும் அமைப்புகளைத் தடைசெய்வது நிற்கவேண்டும். முகாம்கள் நிலைத்து, அவற்றின் காவலில் புதிய சுரங்கங்கள் திறந்தால், காவல் எதற்கு என்பது விளங்கிவிடும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் சூர்ஜாகர் சுரங்கத்துக்கு ஆண்டுக்கு 30 லட்சம் டன்னாக இருந்த அனுமதி 2023-இல் ஒரு கோடி டன்னாக உயர்ந்தது. அங்கே தோண்டும் பணியில் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் ஒன்றும் ஈடுபட்டிருக்கிறது. எங்கோ வடக்கே நடப்பது, நமக்கென்ன என்று தமிழர்கள் ஒதுங்கிக்கொள்ள இடமில்லை.

ஆகவே இந்த அவையின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன். அட்டவணைப் பகுதியில் எந்தப் புரிந்துணர்வு ஒப்பந்தமும் கையெழுத்தாகும் முன், அது கோண்டி, ஹல்பி, குய் போன்ற அவ்வப்பகுதி மொழிகளில் கிராம சபையின் முன் படிக்கப்படவேண்டும். நியம்கிரியில் இருந்ததுபோல் ஒவ்வொரு சம்மதக் கூட்டத்திலும் நீதித்துறைப் பார்வையாளர் இருக்கவேண்டும். காவல்துறை அங்கே இருக்கக் கூடாது. சுரங்க உரிமம் பெற்ற நிறுவனங்கள் கட்சிகளுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் கொடுத்த மாதத்திலேயே வெளியிடப்படவேண்டும். சர்கேகுடா, எடெஸ்மெட்டா ஆணைய அறிக்கைகளின்மீது குற்ற வழக்குகள் நடத்தப்படவேண்டும். இவற்றில் ஒன்றுகூட அரசியலமைப்பைத் திருத்தக் கோருவதில்லை. பெரும்பாலானவை ஏற்கெனவே உள்ள சட்டத்தின் பொருளைச் செயலாக்குபவை. சட்டம் பயிலும் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அடுத்த முறை ஒரு மலைக்கிராமத்தில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தால், சுட்டது யார் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த ஊரில் கிராம சபை எப்போது கூடியது, அதன் தீர்மானத்தில் என்ன எழுதியிருந்தது, கையெழுத்திட்டவர்கள் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போடுங்கள். மறைந்திருக்கும் ஆதாயத்தின் முகவரி பெரும்பாலும் அந்தத் தீர்மானப் புத்தகத்தில்தான் இருக்கும்.